எந்தக் கப்பலில் வந்த குடும்பம்?

பழைய இருபது ரூபாய் நோட்டு ஒன்று அஞ்சறைப் பெட்டியின் அடியிலோ சாமி படத்துக்குப் பின்னாலோ கிடந்தால், எடுத்துத் திருப்பிப் பாருங்கள். தென்னை மரங்கள், நடுவே கடல், அக்கரையில் ஒரு மலை, ஓரமாய்க் கலங்கரை விளக்கம். போர்ட் பிளேரின் ஹேடோ மேட்டில் உள்ள மெகாபோட் அரசு விடுதியிலிருந்து தெரியும் காட்சி அது. அந்த மலை மவுண்ட் ஹாரியட். 2021-இல் மவுண்ட் மணிப்பூர் என்று பெயர் மாறியது. 2024 செப்டம்பரில் ஊருக்கே பெயர் மாறி ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. விடுதலைப் போரின் வெற்றியைக் குறிக்கும் பெயர் என்றும், இந்தத் தீவுகள் ஒருகாலத்தில் சோழர்களின் கடற்படைத் தளம் என்றும் உள்துறை அமைச்சர் விளக்கம் தந்தார். ராஜேந்திர சோழன் கப்பலேறிப் போய் அடித்துவிட்டு வந்த நாட்டின் பெயரும் ஸ்ரீவிஜயம்தான் என்பதைத் தமிழ் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெயர்ப் பலகைகள் மாறிவிட்டன. ஊர்க்காரர்கள் வாயில் இன்னமும் போர்ட் பிளேர்தான். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

நோட்டில் அச்சடிக்கும் அளவுக்கு அழகான காட்சி என்றால், அது தெரியும் மனைக்கு விலை சும்மா இருக்குமா? ஹேடோ, டெலனிபூர், அபர்தீன் பஜாரை ஒட்டிய மேடுகள், கார்பின்ஸ் கோவ் போகும் கடற்கரைச் சாலை என்று கடல் தெரிகிற இடமெல்லாம் விடுதியாகி வருகிறது. ஆனால் போர்ட் பிளேரில் வீட்டு விலை ஏறும் கதையைக் கடல் காட்சியில் தொடங்கினால் பாதிதான் பிடிபடும். மீதிப் பாதி வருவாய்த் துறையின் பீரோவில் இருக்கிறது.

சென்னையில் மனை வாங்கப் போனால் தரகரிடம் கேட்கும் முதல் கேள்வி, “பட்டா கிளியரா இருக்கா?” போர்ட் பிளேரில் கேட்பது, “ஃபார்ம் எஃப் இருக்கா?” நிலம் யார் பெயரில், எந்த வகையில், எவ்வளவு சதுர மீட்டர், விவசாய நிலமா வீட்டு மனையா என்று வருவாய்த் துறை தரும் தாளுக்கு அங்கே அதுதான் பெயர். அங்கே சென்ட், கிரவுண்ட் கணக்கெல்லாம் செல்லாது, சதுர மீட்டர்தான். அடுத்த கேள்வி, “டைவர்ஷன் ஆயிடுச்சா?” விவசாய நிலத்தை வீடு கட்டவோ கடை கட்டவோ மாற்றிக்கொள்ளும் அனுமதிக்கு டைவர்ஷன் என்று பெயர். பக்கத்துப் பக்கத்து மனைகள் இரண்டு. ஒரே சாலை, ஒரே கடல், ஒரே தென்னை. ஒன்றுக்கு இந்தத் தாள்கள் இருக்கின்றன, இன்னொன்றுக்கு இல்லை. முதல் மனை வங்கிக் கடனோடு விடுதியாகிறது. இரண்டாவது, தகரக் கூரையோடு தலைமுறை தலைமுறையாக அப்படியே நிற்கிறது.

இதில் வேடிக்கை, முதல் மனைக்காரரும் சட்டப்படி முழு முதலாளி இல்லை என்பதுதான். 1966-ஆம் ஆண்டின் அந்தமான் நிக்கோபார் நில வருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறைச் சட்டம், தீவுகளின் நிலம் முழுவதும் அரசுக்குச் சொந்தம் என்கிறது. மற்றவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு வகைக் குடியானவர்கள். அவர்களில் ஆகப் பெரிய உரிமை உள்ளவர் ‘ஆக்குபன்சி டெனன்ட்’. பிள்ளைகளுக்கு விட்டுப் போகலாம், விற்கலாம், அடமானம் வைக்கலாம். அவருக்குக் கீழே அந்த உரிமைகள் குறைந்தவர், அரசு மானியமாக மனை பெற்றவர், உரிமம் மட்டும் வைத்திருப்பவர் என்று படிகள் இறங்குகின்றன. எல்லாப் படிக்கும் வெளியே, தாளே இல்லாதவர். ஊரே அரசாங்கத்துக்குக் குடியிருப்பு. அதற்குள் மேல்மாடி, கீழ்மாடி, திண்ணை.

யார் எந்தப் படியில் நிற்கிறார் என்பதை எது முடிவு செய்கிறது? பெரும்பாலும், அவருடைய தாத்தா எந்தக் கப்பலில் வந்து இறங்கினார் என்பது.

1858-இல் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கியதில் தொடங்குகிறது இந்த ஊரின் நில வரலாறு. தண்டனைக் காலத்தில் நன்னடத்தை காட்டியவர்களுக்குத் திருமணம் செய்துகொள்ளவும் நிலத்தில் பயிரிடவும் அனுமதி கிடைத்தது. நகரத்துக்குள் ஷாதிபூர் என்றொரு பேட்டை உண்டு. ஷாதி என்றால் கல்யாணம். அவர்களின் வாரிசுகள்தான் இன்று ‘லோக்கல்’. மலபாரில் 1921 கிளர்ச்சிக்குப் பின் நாடு கடத்தப்பட்ட மாப்பிள்ளைகள் வந்தார்கள். தெற்கு அந்தமானில் கள்ளிக்கோட்டையும் திரூரும் மஞ்சேரியும் ஊர்ப் பெயர்களாக இருப்பது அதனால்தான். பிரிட்டிஷார் குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்திய பாந்துக்கள் வடக்கிலிருந்து வந்தார்கள். பாத்துபஸ்தியின் பெயரில் இருப்பவர்கள் அவர்கள். ஜப்பானியர் தீவைப் பிடித்தது 1942 மார்ச்சில். ‘1942-க்கு முன் குடியேறியவர்கள்’ என்பது இன்றும் அரசு ஏட்டில் ஒரு தனி வகை.

1949 முதல் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிக் குடும்பங்கள் கப்பல் கப்பலாக வந்தன. குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர் சமவெளி, ஐந்து ஏக்கர் மேட்டு நிலம் என்ற அளவில் அரசே கொடுத்தது. ஏட்டில் இவர்கள் ‘செட்லர்’.

அதே காலத்தில், அதற்கு முன்பிருந்தே, இன்னொரு கூட்டமும் வந்துகொண்டிருந்தது. சோட்டா நாக்பூரிலிருந்து 1918 முதல் காடு வெட்டுவதற்கென்று கொண்டுவரப்பட்ட உராவோன், முண்டா, காரியா மக்கள். எந்தப் பக்கத்துக்காரர் என்று கூடப் பார்க்காமல் ஊர் இவர்களை ‘ராஞ்சிவாலா’ என்று அழைத்தது. அகதிக்கு நிலத்தைத் திருத்திக் கொடுத்தவர்கள் இவர்கள். சாலை போட்டவர்களும் இவர்கள். கூலியாள் என்ற கணக்கில் வந்ததால் நில ஒதுக்கீட்டில் பெயர் சேரவில்லை. வேலை முடிந்ததும் திரும்பிப் போவார்கள் என்பது அரசின் நினைப்பு. அவர்கள் போகவில்லை, காட்டோரம் குடிசை போட்டார்கள்.

தமிழர்கள்? 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தாய்மொழி தமிழ். வங்காளம், இந்திக்கு அடுத்த இடம். ராமநாதபுரம், சிவகங்கை, மதுரைப் பக்கத்திலிருந்து துறைமுக வேலைக்கும் பொதுப்பணித் துறை வேலைக்கும் கடை வைக்கவும் வந்தவர்கள் பலர். சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய சில குடும்பங்கள் நிக்கோபாரில் கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்குப் போயின. அங்கேயும் 2004-இல் கடல் வந்தது. போர்ட் பிளேர் தமிழர்களில் பெரும்பாலோருடைய கதை இவ்வளவு நாடகத்தனமானது இல்லை. பங்க் கிளாஸ் டிக்கெட்டில், வாந்தி எடுத்துக்கொண்டே மூன்று நாள் கப்பலில் வந்து, சொந்தக்காரர் வீட்டுத் தாழ்வாரத்தில் படுத்து, மெல்ல வேலை பிடித்தவர்கள். சம்பளத்துக்கு வந்தவர்கள் என்பதால் அரசு இவர்களுக்கு நிலம் ஒதுக்கவில்லை. காலத்தே மனை வாங்கியவர்கள் தப்பித்தார்கள். வாடகையிலேயே இருந்துவிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது அதே ஊரில் வீடு தேடுகிறார்கள்.

‘சின்ன ஊர், கூட்டம் அதிகம், அதனால் விலை’ என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எண்கள் அதற்கு ஒத்துழைப்பதில்லை. தீவுகளின் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். கோவாவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மக்கள் தொகை 2001-இல் 3,56,152, 2011-இல் 3,80,581. பத்து ஆண்டில் ஏழு சதவீதம் கூட ஏறவில்லை. நிக்கோபார் மாவட்டத்தில் குறைந்தே போனது. ஆனால் பரப்பில் சுமார் 87 சதவீதம் ஏட்டில் காடு, பெரும் பகுதிகள் பழங்குடிகளுக்கான ஒதுக்கீடு. தெற்கு அந்தமான் தீவின் மேற்குப் பக்கம் ஜாரவாக்களின் நிலம். அது விற்பனைக்கு இல்லை, இருக்கவும் கூடாது. மிஞ்சிய துண்டு நிலத்தில், தீவுகளின் மொத்த ஜனத்தில் நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் தெற்கு அந்தமான் மாவட்டத்தில்தான் இருக்கிறார்கள். பெரிய மருத்துவமனை, கல்லூரி, தலைமைச் செயலகம், துறைமுகம், விமான நிலையம் எல்லாம் அங்கேதான். தொகை பெரிதாக ஏறவில்லை, ஆட்கள் ஒரே மூலைக்கு நகர்ந்தார்கள்.

அந்த மூலையில் ராணுவமும் இருக்கிறது. முப்படையும் சேர்ந்த நாட்டின் முதல் கட்டளையகம் 2001-இல் போர்ட் பிளேரில் அமைந்தது. சிவில் விமானங்கள் இறங்கும் ஓடுபாதையே கடற்படையின் உத்குரோஷ் தளத்தோடு பகிர்ந்துகொள்வதுதான். ஊருக்கு நடுவே நல்ல மேடுகள் பலவற்றில் அரசுக் குடியிருப்பும் படைக் குடியிருப்புமே நிற்கின்றன. தனியார் வாங்கி விற்கக்கூடிய மனை, பந்தியில் கடைசி வரிசைக்கு வரும் பாயசம் மாதிரி. எட்டிப் பார்க்கும் ஆட்கள் நிறைய, வாளியில் கொஞ்சம்.

இனி வீட்டைப் பார்ப்போம். பழைய போர்ட் பிளேர் வீடு மர வீடு. தரையிலிருந்து கால்கள் மேல் எழும்பி நிற்கும். தூண் படாக் மரம், சுவர்ப் பலகை குர்ஜன், மேலே தகரம். மழை விழும்போது உள்ளே பேசுவது கேட்காது. தீவுகள் நிலநடுக்க வரைபடத்தில் ஐந்தாம் மண்டலம். பூமி ஆடினால் மர வீடும் கூடவே ஆடிவிட்டு நிற்கும். பலகை 1883-இல் தொடங்கிய சாத்தம் மர அறுவை ஆலையிலிருந்து வரும். தச்சர் உள்ளூர் ஆள். கொஞ்சம் சம்பாதித்தவர்களும் கட்டிக்கொள்ள முடிந்த வீடு அது.

அந்த வீட்டின் காலத்தை முடித்து வைத்ததில் நீலகிரிக்கு ஒரு பங்கு உண்டு என்றால் நம்ப வேண்டும். கூடலூர்க் காடுகளைக் காப்பாற்றச் சொல்லி டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கு, இந்தியக் காடுகள் அனைத்துக்கும் பொதுவான வழக்காகக் கிளை விரித்தது. அந்தமான் மரவெட்டும் அதற்குள் வந்தது. சேகர் சிங் குழு தீவுகளுக்குப் போய் அறிக்கை தந்தது. அதை வைத்து நீதிமன்றம் 2002 மே 7-இல் உத்தரவு போட்டது. மரவெட்டுக்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. உள்ளூர்த் தேவைக்கு மட்டும் அளந்து வெட்டலாம். கடற்கரையில் மணல் அள்ளுவதை ஆண்டுக்கு 20 சதவீதம் குறைத்து, ஐந்தாண்டுக்குள் அப்போதிருந்த அளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொண்டுவர வேண்டும். காட்டு ஆக்கிரமிப்புகளுக்கு 1978-ஐக் கோடாக வைத்து, அதற்குப் பிறகு வந்தவர்களை அகற்ற வேண்டும்.

காட்டுக்கு அவசியமான உத்தரவு. அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. வெட்டு அப்படியே தொடர்ந்திருந்தால் இன்று சுற்றுலாப் பயணி பார்க்க வரும் பச்சையே இருந்திருக்காது. ஆனால் அதன் செலவு எல்லார் தலையிலும் ஒரே மாதிரி இறங்கவில்லை. பலகையின் இடத்துக்கு சிமென்ட் வந்தது. சிமென்ட் சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் விசாகப்பட்டினத்திலிருந்தும் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் கப்பலில் வர வேண்டும். கம்பியும் டைல்ஸும் அப்படியே. மணலுக்குப் பதில் குவாரித் தூள், செங்கலுக்குப் பதில் உள்ளூரில் வார்த்த ஹாலோ பிளாக். கப்பல் தாமதமானால் விலை ஒரு குதி குதிக்கும். கையில் தாள் இருந்தவர் வங்கியில் கடன் வாங்கி மர வீட்டை இடித்து மூன்று மாடி எழுப்பினார். மேலே தான், கீழே இரண்டு வாடகைக் குடித்தனம். தாள் இல்லாதவருக்குக் கடனும் இல்லை, மலிவான பலகையும் இல்லை. மட்கிய பலகைக்குப் பதில் தகரத் துண்டை அடித்து வைத்துக்கொண்டு இருக்கிறார். இன்று டெய்ரி ஃபார்ம் பக்கமோ ஷாதிபூர் பக்கமோ சந்துக்குள் இறங்கி நடந்தால், டைல்ஸ் பதித்த மூன்று மாடிக்கும் பாசி பிடித்த மர வீட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கும் ஓடைதான் இடைவெளி.

விலையை உசுப்பிவிட்டது சுற்றுலா. மத்திய அரசு ஊழியர்கள் விடுப்புப் பயணச் சலுகையில் அந்தமானுக்கு விமானத்தில் போகலாம் என்று டெல்லி தளர்வு தந்ததும், 2014-க்குப் பின் அது நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பாகத் தொடர்ந்ததும் பெரிய திருப்பம். நாடெங்கும் இருந்து குமாஸ்தா குடும்பங்கள் சிறைச்சாலை ஒளி-ஒலிக் காட்சி பார்க்க வந்து இறங்கின. 2018-இல் வந்த பயணிகள் ஐந்து லட்சத்துக்கும் மேல். தீவுகளின் ஜனத்தொகையை விட அதிகம். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடியில் 2,300 கிலோமீட்டர் இணையக் கம்பி வந்து சேர்ந்தது. அதுவரை ஒரு படம் இறங்குவதற்குள் காபி ஆறிப்போகிற ஊர். 2023 ஜூலையில் சிப்பி வடிவத்தில் புதிய விமான முனையம் திறந்தது. செலவு 710 கோடி, ஆண்டுக்கு ஐம்பது லட்சம் பயணிகள் வரை தாங்கும்.

முனையம் ஊருக்குத் தெற்கே. லம்பா லைன், டாலிகஞ்ச், கராச்சர்மா, பிரோத்ராபூர் எல்லாம் அந்தத் திசையில்தான். கராச்சர்மாவும் பிரோத்ராபூரும் 2011 கணக்கெடுப்பில் நகராட்சிக்கு வெளியே இருந்த சிறு நகரங்கள். பிறகு நகராட்சி விரிந்து 18 வார்டு 24 ஆனது. 2022 மார்ச் தேர்தல் 24 வார்டுக்குத்தான் நடந்தது. கத்திரிக்காயும் வெண்டையும் விளைந்த சரிவுகளில் இப்போது கார் நிறுத்தும் இடத்தோடு விடுதிகள். அங்கே நிலம் வைத்திருந்த செட்லர் குடும்பத்துக்கு அதிர்ஷ்டம்தான். ஐந்து ஏக்கரில் ஒரு மூலையை விற்றால் பையனுக்குச் சென்னையில் மருத்துவக் கல்லூரி. அதே கராச்சர்மாவில் பத்து வருடமாக வாடகைக்கு இருந்த கொத்தனாருக்கு, வீட்டுக்காரர் அந்தப் பகுதியை ‘ஹோம் ஸ்டே’ ஆக்கப் போவதாகச் சொன்னால், அந்த விடுதிக்குப் பூச்சு வேலை செய்வதுதான் மிச்சம்.

ஜெர்மனியில் பிறந்து லண்டனில் வாழ்ந்த சமூகவியலாளர் ரூத் கிளாஸ், 1964-இல் இதற்கு ‘ஜென்ட்ரிஃபிகேஷன்’ என்று பெயர் வைத்தார். உழைப்பாளிகள் குடியிருந்த தெருக்களை வசதிக்காரர்கள் வாங்கிச் செப்பனிட, பழைய ஆட்கள் காலி செய்துகொண்டு போவதை அவர் லண்டனில் பார்த்தார். போர்ட் பிளேரில் அந்த வார்த்தை சட்டை அளவு சரியில்லாமல்தான் பொருந்துகிறது. இங்கே வீட்டுக்குள் புதிதாக வருகிறவர் வசதிக்காரக் குடித்தனக்காரர் இல்லை. மூன்று ராத்திரி தங்குகிற தேனிலவு ஜோடி. அவர்கள் தெருவில் பால் வாங்குவதில்லை, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதில்லை, வார்டு உறுப்பினரிடம் சண்டை போடுவதில்லை. தெரு பணக்காரத் தெருவாகிறது, ஆனால் அதில் குடியிருக்கும் பணக்காரர் இல்லை.

தண்ணீரைப் பார்த்தால் இந்த மேடு பள்ளம் இன்னும் பச்சையாகத் தெரியும். ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர். சென்னையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். குடிநீருக்கு முக்கிய ஆதாரம் 1973-இல் கட்டிய தனிகாரி அணை. கோடையில் அது இறங்கிவிட்டால் குழாயில் தண்ணீர் இரண்டு நாளுக்கு ஒருமுறை, மூன்று நாளுக்கு ஒருமுறை. தண்ணீர் நாளில் விடிகாலையில் சந்துக்குள் போய்ப் பாருங்கள். நீலப் பீப்பாய், பெயின்ட் வாளி, அண்டா, குழந்தையைக் குளிப்பாட்டும் பிளாஸ்டிக் தொட்டி, எல்லாம் வரிசையில். ஒரு வீட்டின் குழாயிலிருந்து இன்னொரு வீட்டுப் பீப்பாய்க்கு ஓடும் பச்சை ஹோஸில் ஓட்டை. அதைச் சைக்கிள் டியூப் துண்டால் கட்டியிருக்கிறார்கள். அந்த ஓட்டையிலிருந்து சொட்டுவதற்கும் கீழே ஒரு சொம்பு. சந்து முனையில் புதிய விடுதியின் வாசலில் டேங்கர் லாரி நிற்கிறது. குழாய் நேராக மொட்டை மாடிக்கு ஏறி, வரிசையாக நிற்கும் ஆறு சின்டெக்ஸ் தொட்டிகளை நிரப்புகிறது. ஒரே அணை, ஒரே மழை.

எனவே வாடகை வீட்டு விளம்பரத்தில் கடல் காட்சிக்கு முன்னால் இடம் பிடிப்பது ‘வாட்டர் பிராப்ளம் இல்லை’. கிணறு இருக்கும் மனை, பெரிய நிலத்தொட்டி கட்டிய வீடு, பள்ளத்தில் இருப்பதால் குழாயில் வேகம் கிடைக்கும் தெரு இவற்றுக்குத் தனி மதிப்பு. மேட்டில் கடல் தெரியும். பள்ளத்தில் தண்ணீர் வரும். காசு உள்ளவர்தான் இரண்டையும் சேர்த்து வாங்க முடியும்.

கடலும் தன் பங்குக்கு நிலத்தைக் குறைத்துவிட்டுப் போனது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் அமுங்கியது. அலை வந்து போய்விட்டது, தண்ணீர் போகவில்லை. போர்ட் பிளேருக்கு வெளியே சிப்பிகாட்டில் நெல் விளைந்த வயல்களுக்குள் உப்பு நீர் ஏறி, ஓத வற்றத்தோடு தினம் வந்து போகத் தொடங்கியது. செத்த தென்னைகள் மொட்டைக் கம்பம் போல நின்றன. இன்று அது பறவை பார்ப்பவர்களுக்குப் பிடித்த சதுப்பு. நீளமான கேமராவோடு வந்து கொக்கும் உள்ளானும் படம் எடுக்கிறார்கள். அவர்கள் காலடிச் சேற்றுக்கு அடியில் யாரோ ஒருவருடைய வரப்பு இருக்கிறது. சமவெளி வயல் முழுகியதால், வீடு கட்டத் தோதான மேட்டு நிலத்தின் மேல் நெருக்கடி இன்னும் கூடியது.

ஹேவ்லாக்கில் (2018 முதல் ஸ்வராஜ் தீவு) இதே கதை வேகமாக நடந்து முடிந்தது. வங்காள அகதிகள் குடியேறிய தீவு. கோவிந்த நகர், விஜய நகர், ராதா நகர் என்று ஊர்ப் பெயர்கள்; கடற்கரைகளுக்கோ மூன்றாம் நம்பர், ஐந்தாம் நம்பர், ஏழாம் நம்பர் என்று ரேஷன் கடை மாதிரிப் பெயர். ஏழாம் நம்பரான ராதா நகரை 2004-இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்றது. பாக்குத் தோப்பும் நெல் வயலும் கடலைத் தொட்ட இடத்தில் குடில் விடுதிகள் முளைத்தன. 2018-இல் தாஜ் குழுமமும் வந்துவிட்டது. அடுத்த ஆண்டு வந்த தீவுக் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, ஹேவ்லாக் போன்ற தீவுகளில் கட்டடம் எழுப்பக்கூடாத கரையோரப் பகுதியை இருநூறு மீட்டரிலிருந்து ஐம்பதாகக் குறைத்தது. கரையிலிருந்து நூறு மீட்டரில் தோப்பு வைத்திருந்தவர் தூங்கி எழுந்தபோது வேறு ஆளாக எழுந்திருப்பார். விடுதிகளில் துடைக்கவும் சமைக்கவும் வந்த ஆட்களுக்கு, சின்னத் தீவில் அறை கிடைப்பதே பாடு.

மற்ற தீவுகள் என்ன செய்கின்றன? பிரான்ஸ் கரையை ஒட்டிய ஜெர்சி தீவில் பத்து ஆண்டு குடியிருந்தால்தான் சந்தையில் தாராளமாக வீடு வாங்கும் தகுதி. மாலத்தீவின் மாலே நகரம் இடமில்லாமல் திணறியதால் 1997-இல் கடலைத் தூர்க்கத் தொடங்கி ஹுல்ஹுமாலே என்று புதிய தீவையே உண்டாக்கியது. தீவே இல்லாத ஹிமாசலத்தில், 1972 சட்டத்தின் 118-ஆம் பிரிவு அந்த மாநில விவசாயி அல்லாதவர்கள் விவசாய நிலம் வாங்குவதைத் தடுக்கிறது. அந்தமானிலும் ‘ஐலண்டர் கார்டு’ உண்டு. கப்பல் டிக்கெட்டுக்கும் உள்ளூர்ச் சலுகைகளுக்கும் அது உதவும். ஆனால் வீட்டு வாடகையை அந்த அட்டை ஒரு ரூபாய் குறைத்ததாகத் தெரியவில்லை. அட்டை உள்ளூர்க்காரரையும் வெளியூர்க்காரரையும் பிரிக்கிறது. போர்ட் பிளேரின் உண்மையான பிளவோ உள்ளூர்க்காரர்களுக்கு உள்ளேயே ஓடுகிறது: அரசு கையால் நிலம் வாங்கிய கப்பல்கள், வாங்காத கப்பல்கள். இரண்டாம் வகைக்காரர்களுக்கு இன்று வாடகைப் பாதுகாப்போ சின்ன மனையோ கொடுப்பது தானம் ஆகாது. 1949-இல் ஒருவருக்குச் செய்ததை இன்னொருவருக்கு எழுபது வருடத்துக்கு மேல் கழித்துச் செய்வது, அவ்வளவுதான்.

தெற்கே கிரேட் நிக்கோபாரில் இந்தக் கணக்கு மறுபடி தொடங்குகிறது. 1969 முதல் 1980 வரை முன்னாள் ராணுவ வீரர்களின் 330 குடும்பங்களை அரசு அங்கே குடியேற்றியது. தமிழ்நாட்டுக் குடும்பங்களும் அவற்றில் உண்டு. காட்டைத் திருத்தித் தென்னையும் பாக்கும் வைத்தார்கள். சுனாமியில் பலர் கரையோர நிலத்தை இழந்தார்கள். சுமார் எட்டாயிரம் பேர் வாழும் அந்தத் தீவில் கப்பல் மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், புதிய நகரம் என்று 72,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காடு அதற்குள் போகிறது. அங்குள்ள பழங்குடிகளான ஷோம்பென்களுக்கும் நிக்கோபாரியருக்கும் என்ன ஆகும் என்பது தனிக் கட்டுரைக்கு உரிய துயரம். குடியேறியவர்களைப் பொறுத்தவரை, தீவின் முக்கிய ஊரான கேம்ப்பெல் பேயில் பேச்சு எல்லாம் மனையைப் பற்றித்தான்.

போர்ட் பிளேருக்கே திரும்புவோம். சாயங்காலம் ஐந்தரை மணிக்கெல்லாம் இங்கே இருட்டத் தொடங்கிவிடும்; இந்தியக் கடிகாரத்துக்குக் கிழக்கே ரொம்பத் தள்ளி இருக்கும் ஊர். சாத்தம் துறையில் பாம்பூஃப்ளாட் போகும் படகுக்குக் கூட்டம் சேர்கிறது. லாரியும் ஜீப்பும் ஸ்கூட்டரும் ஒரே தளத்தில் ஏறும் வாகனப் படகு. கடந்தால் கால் மணி நேரத்துக்குள் அக்கரை. சாலை வழியே சுற்றினால் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். விடுதியில் டைல்ஸ் ஒட்டியவர், அபர்தீன் பஜாரில் துணி மடித்தவர், மருத்துவமனையில் ஆயா வேலை பார்ப்பவர் எல்லாம் அதில் இருக்கிறார்கள். ஊருக்குள் வாடகை கட்டுப்படியாகாமல் அக்கரைக்குப் போனவர்கள் இவர்களில் கணிசம். கடைசிப் படகைத் தவறவிட்டால் அன்றைய கூலியில் பாதி ஆட்டோவுக்குப் போகும் என்பதால், எல்லாருக்கும் ஒரு கண் கடிகாரத்தில்.

படகின் விளிம்பில் சாய்ந்து ஒருவர் மீன் பொட்டலத்தைக் கைமாற்றிப் பிடித்துக்கொள்கிறார். கால் சட்டையில் வெள்ளை சிமென்ட் காய்ந்திருக்கிறது. எதிரே வளர்ந்துகொண்டே வரும் இருட்டு மலைதான் நோட்டில் இருந்த மலை. அதன் அடிவாரத்தில் ஹோப் டவுன். 1872-இல் வைஸ்ராய் மேயோ குத்துப்பட்டுச் செத்த துறை. அதற்குப் பக்கத்தில் பாம்பூஃப்ளாட்டின் விளக்குகள். பின்னால் ஹேடோ மேட்டில் விடுதிகளின் பால்கனிகளில் ஒவ்வொன்றாக வெளிச்சம் வருகிறது. அங்கே காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவர்கள் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். படகு துறையில் இடித்து நிற்பதற்குள்ளேயே ஸ்கூட்டர்கள் உறுமத் தொடங்குகின்றன. அவர் பொட்டலத்தை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, “பாய், தோடா சைடு” என்று அந்தமான் இந்தியில் வழி கேட்டு இறங்குகிறார். இன்று தண்ணீர் நாள்.